ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் ஒரு கிணற்று மேஸ்திரி

“அங்கமுத்து.”

“உள்ளேன் டீச்சர்!”

கடைசி பெஞ்சிலிருந்து வந்தது ஆறாம் வகுப்புக் குரல் இல்லை. அறுபதடி ஆழத்தில் நின்றுகொண்டு, மேலே இருக்கும் ஆளிடம் “கயித்த வுடு” என்று கத்திக் கத்தியே பழகிய குரல். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த மைனா பறந்துபோனது. முன் பெஞ்சுப் பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஜோசப் சார் ஒரு வினாடி நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளை வேட்டி, காலர் தேய்ந்த சட்டை, தோளில் துண்டு. முழங்கால்கள் பெஞ்சுக்கு அடியில் நுழையாததால், பஸ்ஸில் ஓரச் சீட்டில் உட்காருவது போல ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அட்டையில் யாரோ ஒரு பையன் அவருக்காக அழகாகப் பெயர் எழுதிக் கொடுத்திருந்தான்.

பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டேன். என் அப்பாவைவிட இரண்டு வயது மூத்த மாணவருக்கு வருகைப் பதிவு செய்த ஆசிரியை, எனக்குத் தெரிந்து, அந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான்.

சும்மா இருக்கிற டீச்சர்

போன வாரம் எங்கள் பள்ளியின் ஒற்றைத் தையல் மெஷினைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, “தையல் டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு என்னதான் வேலை?” என்று கேட்டிருக்கிறார். எல்லா வேலையும், அம்மா. தையல் டீச்சர் என்றால் சும்மா இருப்பவர் என்று அர்த்தம். வாக்காளர் பட்டியல், போலியோ சொட்டு மருந்து ஊர்வலம், மரம் நடும் விழா, லீவு போட்ட ஆசிரியரின் வகுப்பு, கூடவே ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் வகுப்பாசிரியர் பொறுப்பு. இத்தனைக்கும் நடுவில் நேரம் கிடைத்தால் பொத்தானுக்குக் காஜா எடுக்கச் சொல்லிக் கொடுக்கலாம்.

பள்ளிக்கூடம் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அரசு உயர்நிலைப் பள்ளி, பத்தாவது வரை. ஓட்டுக் கட்டடம் ஒன்று, மெத்தைக் கட்டடம் இரண்டு. சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகள் கடக்கும்போதெல்லாம் கரும்பலகை தானாகவே வெளுத்துவிடும்.

நான் சேர்ந்தபோது அது பெரம்பலூர் மாவட்டம். அதற்குச் சில வருடங்கள் முன்புவரை திருச்சி மாவட்டமாம். ஒருநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியபோது, நாங்கள் அரியலூர் மாவட்டம் ஆகிவிட்டோம் என்றார்கள். புது ரப்பர் ஸ்டாம்பு செய்து வந்து, அதன் மை நன்றாகப் பிடிப்பதற்குள் திரும்பவும் பெரம்பலூர்.

எங்கள் கிளார்க் ராமலிங்கம் சார் ஒரு ஸ்டாம்பையும் தூக்கிப் போடவில்லை. பிஸ்கட் டப்பா ஒன்றில் மூன்றையும் வைத்திருந்தார். “எதுவும் போவாது டீச்சர். எல்லாம் திரும்பி வரும்” என்பார். சில வருடங்களில் அரியலூர் மறுபடி தனி மாவட்டமானபோது, டப்பாவைத் திறந்து ஸ்டாம்பை எடுத்து ஊதித் துடைத்துவிட்டு, எதுவுமே நடக்காதது போலக் குத்த ஆரம்பித்தார். மனிதர் அப்படி. விதி என்று ஒன்று எழுதியிருந்தால் அது கல்லில் வெட்டியது.

நாற்பது பேருக்கு ஒரே பிறந்தநாள்

பள்ளிக்குப் பொன்விழா வந்தது. தலைமையாசிரியர் சந்தானம் சார் ஆசிரியர் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை பிரித்துக் கொடுத்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“டீச்சர், நீங்க சும்மாதான இருக்கீங்க? விழா மலருக்குப் பள்ளி வரலாறு எழுதிடுங்க. அப்படியே நம்ம முதல் மாணவர் யாருன்னு கண்டுபிடிங்க. மேடையில ஏத்திப் பொன்னாடை போத்துவோம். அனேகமா பெரிய அதிகாரியா இருப்பாரு.”

சேர்க்கைப் பதிவேட்டை ராமலிங்கம் சார் பட்டுப்புடவையை எடுப்பது போல இரண்டு கைகளிலும் ஏந்தி வந்தார். ஓரமெல்லாம் கரையான் தின்றது போக நடுப்பகுதி மிச்சம் இருந்தது. முதல் நாளில் சேர்ந்த நாற்பது பேர். நாற்பது பேருக்கும் ஒரே பிறந்த தேதி. அன்றைய ஹெச்.எம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒரே மூச்சில் எல்லோரையும் பெற்றுப் போட்டிருக்கிறார்.

சேர்க்கை எண் ஒன்று: அங்கமுத்து, ஆறாம் வகுப்பு. தந்தை பெயர் இருந்தது, ஊர் இருந்தது. விலகிய நாள், விலகிய காரணம் என்ற கட்டங்கள் காலி.

ஹெச்.எம். அறைச் சுவரில் திறப்பு விழாப் புகைப்படம் மாட்டியிருந்தது. நடுவில் மாலையோடு ஒரு பிரமுகர், முன்னால் தரையில் நாற்பது பிள்ளைகள், எல்லோரும் கருத்த நிறத்தில் ஒரே மாதிரிச் சட்டை. ஆய்வுக்கூடத்து உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். முகத்தைத் தேடித்தான் பார்த்தேன். ஆனால் தையல்காரிக்குக் கண் முதலில் தோள் தையலுக்குத்தானே போகும்? முன்வரிசைப் பிள்ளைகளின் தோளில் வெள்ளை நூல் நீளம் நீளமாக ஓடியது. ஓட்டுத்தையல். மெஷினில் போடுவதற்கு முன் துணி நகராமலிருக்கக் கையால் போட்டுவைப்போமே, அது. இழுத்தால் கையோடு வந்துவிடும்.

பின்வரிசைப் பிள்ளைகளின் சட்டையில் அது இல்லை. முன்வரிசைக்கு மட்டும் ஏன் ஒருநாள் தாங்கும் சட்டை என்று எனக்குப் புரியவில்லை.

“இப்பத்தான் ஆள் வந்துருக்கு”

அங்கமுத்துவைத் தேடி அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டரில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த தெருவில்தான் இருந்தார். கிணற்று மேஸ்திரி. பதினைந்து ஆட்களை வைத்துக்கொண்டு வேப்பந்தட்டை வரைக்கும் போய்க் கிணறு வெட்டுபவர். பாறைக்கு வெடி வைத்து வைத்து வலது காது போய்விட்டது. நான் இடது பக்கமாகப் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

அவர் வீட்டுக்குள் திரும்பி, “தேனு, இங்க வா. ஸ்கூல்லேருந்து ஆள் வந்துருக்கு” என்றார்.

மகள் தேன்மொழி வந்தாள். பெரம்பலூரில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுக்கும் பெண். அவள் நீட்டிய தண்ணீர் செம்பை வாங்கிக்கொண்டு, “ஐயா, நீங்க ஏன் படிப்ப விட்டீங்க?” என்று கேட்டேன்.

“நான் எங்கங்க வுட்டேன்?” என்றார். “தொறக்குறன்னிக்கு நாப்பது புள்ள வேணும்னாங்க. ஊருக்குள்ள இருவத்தஞ்சுதான் தேறிச்சு. எங்க தெருவுக்கு வந்து, ஆடு மேச்சிகிட்டிருந்த எங்க பாஞ்சு பேரக் கூட்டியாந்தாங்க. வாத்தியாரு ஆளுக்கொரு சட்ட மாட்டி வுட்டாரு. பேரு கேட்டாரு. நாந்தான் மொத ஆளா நின்னேன். படம் புடிச்சாங்க, முட்டாய் குடுத்தாங்க. சாயங்காலம் எங்க சட்டைய மட்டும் கழட்டி வாங்கிகிட்டாங்க.”

எனக்குத் தோள் தையல் ஞாபகம் வந்தது. செம்பைக் கீழே வைத்தேன்.

“நாளைக்கி வரணுமா சார்னு கேட்டேன். வேணாம், சொல்லி அனுப்புறோம்னாரு.” அவர் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “இப்பத்தான் ஆள் வந்துருக்கு.”

பொன்னாடையைப் பற்றிச் சொன்னேன். அது வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“துண்டு வூட்ல நெறைய கெடக்கு. எனக்கு டி.சி. குடுக்கச் சொல்லுங்க. இந்தப் புள்ள படிக்கிறப்ப ஒவ்வொரு பாரத்துலயும் அப்பா படிப்புன்னு கேப்பாங்க. ஒண்ணுமில்லன்னு எழுதும். ஒரு நாளு படிச்சிருக்கேன்ல? ஒரு நாளுக்கு என்ன உண்டோ, அதக் குடுங்க.”

விதி என்ன சொல்கிறது

சந்தானம் சாருக்கு முகம் வாடிவிட்டது. கலெக்டர் ஆபீஸ் அதிகாரியாவது இருப்பார் என்று நினைத்திருந்தார். சேர்க்கை எண் நான்கு சென்னையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தார்.

“டீச்சர், முதல் மாணவர்னா முதல்ல சேந்தவராத்தான் இருக்கணுமா? முதல் மார்க் எடுத்தவரும் முதல் மாணவர்தான?”

“சார்,” என்றார் ராமலிங்கம், நாற்காலியை விட்டு எழுந்து. “நாலு எப்படி சார் ஒண்ணாவும்?”

ஹெச்.எம். விட்டுவிட்டார். நாலாம் எண்ணைச் சிறப்பு விருந்தினராக்கிவிட்டு, “அந்தப் பெரியவருக்கு டி.சி.யப் போட்டுக் குடுத்து முடிச்சு விடுங்க” என்றார். ஆனால் ராமலிங்கம் சாரிடம் எதையும் அப்படி முடித்துவிட முடியாது.

“இவரு பேர அடிக்கவே இல்ல சார். நீண்ட நாள் வரலன்னு உத்தரவு போட்டிருக்கணும். போடல. அதனால ரெக்கார்டுபடி இன்னிக்கும் நம்ம ஸ்டூடண்ட்.”

“ஐம்பது வருஷமாவா?”

“ஆப்சென்ட்டு சார். அந்த வருஷத்து வருகைப் பதிவேடு கரையானுக்குப் போயிடுச்சு. கடைசியா வந்த நாள் தெரியாம டி.சி. எழுத முடியாது. ஒரு நாளாவது வந்து போகச் சொல்லுங்க. அப்புறம் பாதுகாவலர் மனு குடுக்கணும்.”

ஹெச்.எம். நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இந்தச் செய்தியை மறுபடி மூன்று கிலோமீட்டர் சுமந்துகொண்டு போனேன். சிரிப்பார் அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். மேஸ்திரி, “எத்தன மணிக்கு பெல்லு?” என்று மட்டும் கேட்டார்.

அப்படித்தான் அன்று காலை அவர் என் வகுப்பில் இருந்தார்.

மாலையில் தேன்மொழி வந்து மனுவில் கையெழுத்துப் போட்டாள். ‘மாணவருக்கு என்ன உறவு’ என்ற இடத்தில் ‘மகள்’ என்று எழுதினாள். ராமலிங்கம் சார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். மகள் பாதுகாவலராக இருக்கக்கூடாது என்று விதியில்லை. சரி என்று டி.சி.யை நிரப்பிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். “மேல் வகுப்புக்கு உயர்வு பெறத் தகுதியுடையவரா? இல்லை.”

“இல்லைன்னா?” என்றார் மேஸ்திரி.

“ஏழாவது போகத் தகுதியில்லன்னு அர்த்தம்.”

“ஒரு நாள்ல அது எப்படிங்க தெரியும்?”

“பரீட்சை எழுதாம ஆமான்னு போட முடியாதே.”

மேஸ்திரி யோசித்தார். ஒரு கல்லைத் தட்டிப் பார்த்து உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பது போலத் தலையைச் சாய்த்தார். “அப்ப டி.சி. இப்ப வேணாம். பரீச்ச முடியட்டும்” என்று சொல்லிவிட்டு, நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை முதல் பெல்லுக்கு முன்பே வந்துவிட்டார்.

இருபது ஆட்கள் இறங்கும் கிணறு

ஊரெல்லாம் பேச்சானது. டீக்கடையில், “மேஸ்திரி ஹோம் ஒர்க் முடிச்சாச்சா?” என்று கேட்டார்கள். “கணக்கு மட்டும் பாக்கி” என்று அவர் நேர்மையாகப் பதில் சொன்னார். சத்துணவு அமைப்பாளர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வயதுக்கு முட்டை கிடையாது என்றார். மேஸ்திரி தூக்குச்சட்டியில் தன் சோற்றைக் கொண்டுவந்து பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்தார்.

கணக்குக்கு ஜோசப் சார். ஏலாக்குறிச்சிக்காரர், பொறுமைசாலி. ஒருநாள் அவர் கரும்பலகையில், எட்டு ஆட்கள் ஒரு கிணற்றைப் பதினைந்து நாளில் வெட்டினால் இருபது ஆட்கள் எத்தனை நாளில் வெட்டுவார்கள் என்று எழுதிப்போட்டார். கடைசி பெஞ்சில் கை உயர்ந்தது.

“சார், இருவது ஆளு ஒரு கெணத்துல எறங்க முடியாதுங்க. கடப்பாற காலுல வுழும்.”

“கணக்குக்காக எறங்கிட்டாங்கன்னு வச்சுக்குங்க.”

“சரிங்க. பாற வந்தா?”

“பாறை இல்லைன்னு வச்சுக்குங்க.”

“இந்த ஊர்லயா?”

வகுப்பு சிரிப்பில் உடைந்தது. ஜோசப் சாரும் சிரித்துவிட்டார். பிறகு சாக்பீஸை மேஸ்திரி பக்கம் நீட்டி, “அப்ப நீங்களே சொல்லுங்க, எத்தன நாளாவும்?” என்றார். மேஸ்திரி முன்னால் வந்து, பதினைந்து நிமிஷம் கிணறு வெட்டுவதைப் பற்றி வகுப்பெடுத்தார். முடிவில், “புஸ்தகத்துல ஆறு நாளுன்னா ஆறே போடுங்க புள்ளைங்களா. ஆனா யாரும் எறங்கிடாதீங்க” என்றார். அந்தக் கணக்கை அந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் மறந்திருக்காது.

எழுத்துதான் அவருக்குக் கஷ்டம். பஸ் போர்டு படிக்கும் அளவுக்குத்தான் எழுத்துத் தெரியும். கடப்பாறை பிடித்த கையில் பேனா நிற்கவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைப்பேன். ‘ழ’ எழுதினால் தாளில் ஓட்டை விழும். “மெதுவாங்க, தண்ணி வந்துடப் போவுது” என்பேன். அவர் சிரிக்காமல் நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்ததை எழுதுவார்.

மேடையில்

பொன்விழா அன்று பந்தல், மைக் செட், கரகாட்டம். மலரில் நான் எழுதிய பள்ளி வரலாறு அச்சாகியிருந்தது. பதினைந்து சட்டைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஹெச்.எம். அதன் மேல் மூன்று முறை பென்சில் வைத்தார், மூன்று முறை எடுத்தார். கடைசியில், “இருந்துட்டுப் போவட்டும், யாரு படிக்கப்போறா” என்றார்.

மேஸ்திரியை முன்னாள் மாணவர்கள் வரிசையில் உட்காரச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். “நான் இந்நாள்ங்க” என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். பெயர் கூப்பிட்ட பிறகுதான் மேடைக்கு வந்தார். சிறப்பு விருந்தினர், அந்த நாலாம் எண், மைக்கைப் பிடித்துக்கொண்டே பொன்னாடை போர்த்தினார்.

“ஐயா இப்ப என்ன பண்றீங்க?”

“ஆறாவது படிக்கிறேங்க.”

பந்தலே அதிர்ந்தது. விருந்தினர் நகைச்சுவை என்று நினைத்து, “அப்ப நான் உங்களுக்கு சீனியர்” என்றார். அடுத்த சிரிப்பு அடங்குவதற்குள் மைக்கைக் கீழே இறக்கிவிட்டு ஏதோ கேட்டார். பொன்னாடைத் தட்டோடு பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

“நீதான அன்னிக்கி எம் பக்கத்துல உக்காந்திருந்த? மறுநாள் ஏன்டா வரல?”

“இந்தப் பக்கம் சொல்லுங்க, அந்தக் காது கேக்காது” என்று மேஸ்திரி இடது காதைத் திருப்பினார்.

அந்தப் பெரிய மனிதர் மறுபடி கேட்கவில்லை. மேஸ்திரியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் கைதட்டியது. போட்டோக்காரர், “கொஞ்சம் சிரிங்க சார்” என்றார்.

விடுப்பு

வாசகர்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். முழு ஆண்டுப் பரீட்சை எழுதினார். கணக்கில் நல்ல மார்க். தமிழில் கரையேறினார். ஆங்கிலத்தில் தன் பெயரை மட்டும் எழுதி, அதன் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அரசுப் பள்ளியின் தேர்ச்சி விதிகள் தாராளமானவை. டி.சி.யில் ராமலிங்கம் சார் ‘ஆம்’ என்று எழுதி, ஒரு ஸ்டாம்புக்கு இரண்டு ஸ்டாம்பாகக் குத்திக் கொடுத்தார்.

ஆனால் என் மனதில் நிற்பது பரீட்சைக்கு முந்தின மாதம். மாசி கடைசி. வெயில் ஏறி, கிணறுகளில் தண்ணீர் கீழே போய்விட்டால் மேஸ்திரிக்கு வேலைக்காலம். வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு பழைய கிணற்றை ஆழப்படுத்த ஒத்துக்கொண்டிருந்தார். காலையில் ஆட்களும் கடப்பாறைகளும் ஏறிய டெம்போ பள்ளி கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. மேஸ்திரி மட்டும் இறங்கி, ஹெச்.எம். அறைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். நானும் ராமலிங்கம் சாரும் அங்கே இருந்தோம்.

விடுப்புக் கடிதம். யாரிடமும் கேட்காமல் அவரே எழுதியது.

‘மதிப்பிற்குறிய ஐயா, எனக்கு கிணத்து வேலை வந்து விட்டதால் இரண்டு வாரம் லீவு வேண்டும். பரிச்சைக்கு வந்து விடுவேன். பேர் அடிக்க வேண்டாம். இப்படிக்கு அங்கமுத்து, ஆறாம் வகுப்பு ஆ.’

சந்தானம் சார் இரண்டு முறை படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். கை ‘மதிப்பிற்குறிய’ மேல் போனது. அந்த ‘றி’யைச் சுற்றி வட்டமிட்டு ‘ரி’ என்று திருத்தினார். அப்புறம் எதிரே நிற்பவரை நிமிர்ந்து பார்த்தார். என்ன நினைத்தாரோ, மற்ற பிழைகளை அப்படியே விட்டுவிட்டு, கீழே ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேஸ்திரி கையை நீட்டினார். “குடுங்க சார், வூட்ல காட்டணும்.”

“அது ரெக்கார்டுங்க,” என்றார் ராமலிங்கம். “திருப்பித் தர முடியாது. ஃபைல்ல வைக்கணும்.”

“நான் எழுதுனதுதானங்க?”

“நீங்க எழுதுனதாலதான் வைக்கணும்.”

மேஸ்திரி ஃபைலைப் பார்த்தார். அட்டையில் பள்ளியின் பெயரும், உள்ளே தன் தாளும். அந்த வாதம் அவருக்குப் பிடித்துப்போனது போலத் தலையை ஆட்டினார்.

“அப்ப வூட்டுக்கு இன்னொண்ணு எழுதிக்கிறேன். ஒரு தாளு குடுங்க டீச்சர்.”

கொடுத்தேன். அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் தாளை விரித்துக்கொண்டு, எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் வார்த்தைக்கு வந்ததும் நிறுத்தி, “சின்ன ரியா பெரிய றியா டீச்சர்?” என்று கேட்டார். சின்னது என்றேன். கேட்டுக்கு வெளியே டெம்போக்காரர் ஹாரனில் கை வைத்து எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார். ஆட்கள், “மேஸ்திரி, வெயில் ஏறுது” என்று கத்தினார்கள். அவர் தலையைத் தூக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, தாள் கிழியாமல், ஒவ்வொரு எழுத்தாக வைத்துக்கொண்டு போனார்.